வைரம் பாய ஒரு நூற்றாண்டு: ம்பிங்கோ மரத்தின் பண்பும் பயனும்

ஏ.கே.சி. நடராஜன் போன்ற கலைஞர்களால் தமிழ் ரசிகர்களுக்கு நெருக்கமான கருவி கிளாரினெட். அதன் கரிய உடலைப் பார்ப்பவர்கள் அதை எபோனைட் என்றோ கருஞ்சாயம் பூசிய ஏதோ ஒரு கட்டை என்றோ எண்ணிவிடுவதுண்டு. எபோனைட்டால் ஆனது அதன் ஊதுவாய்தான். தரமான கிளாரினெட்டின் உடல் மரம். அந்தக் கருமை பெரும்பாலும் மரத்தின் சொந்த நிறம். தான்சானியாவின் தெற்கிலும் மொசாம்பிக்கின் வடக்கிலும் வறண்ட காடுகளில் வளரும் ஒரு சிறு மரத்தின் வைரக்கட்டையைக் குடைந்துதான் அது செய்யப்படுகிறது. சுவாஹிலி மொழியில் அந்த மரத்துக்கு ம்பிங்கோ என்று பெயர். அது தான்சானியாவின் தேசிய மரம். ஓபோ, பிக்கலோ, ஸ்காட்லாந்தின் பைக்குழல் ஆகியவற்றுக்கும், மகோண்டே மக்களின் புகழ்பெற்ற சிற்பங்களுக்கும் அதுவே மூலப்பொருள். இம்மரத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வெட்டலாமா கூடாதா என்ற ஒரே கேள்வியில் வந்து நின்றுவிடுகிறது. கேள்வியை வேறு விதமாகக் கேட்டால்தான் விடை கிடைக்கும் என்பது என் கருத்து. ம்பிங்கோவின் சிறப்புகள் எல்லாம் அது மெல்ல வளர்வதிலிருந்து வருகின்றன. அதன் இடர்களும் அங்கிருந்தே வருகின்றன. எனவே, குறைவாக எடுத்து, நெடுநாள் உழைக்கும் பொருளாக்கி, விலையில் நியாயமான பங்கை மரத்தைச் சுற்றி வாழும் மக்களிடம் சேர்க்கிற பயன்பாடே இம்மரத்துக்குப் பொருந்தும். அப்படிப்பட்ட பயன்பாடு இம்மரத்தை அழிக்காது, காக்கவே செய்யும்.

பெயரில் இருக்கும் குழப்பம்

தாவரவியலில் இதன் பெயர் டால்பெர்ஜியா மெலனாக்சிலான். இரண்டாவது சொல்லுக்குக் கிரேக்கத்தில் கருமரம் என்று பொருள். நம் ஊர் ஈட்டி மரமும் இதே டால்பெர்ஜியா பேரினத்தைச் சேர்ந்தது. ஆகவே ம்பிங்கோவை ஈட்டியின் ஆப்பிரிக்க உறவினர் என்று சொல்லலாம். நிறத்தை வைத்துப் பலர் இதைக் கருங்காலி வகை என்கிறார்கள். தச்சர்கள் கருங்காலி என்று சொல்லும் தென்னிந்திய, இலங்கை மரம் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. ம்பிங்கோ அவரைக் குடும்பத்து மரம். ஆனால் வரலாறு இங்கே ஒரு வியப்பை வைத்திருக்கிறது. பண்டைய எகிப்தியர் ஹெபெனி என்றழைத்து அரச மரச்சாமான்களுக்குப் பயன்படுத்திய மரத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அது பெரும்பாலும் ம்பிங்கோவே என்று தெரியவந்தது. ஐரோப்பிய மொழிகளில் கருங்காலிக்கு வழங்கும் எபோனி என்ற சொல் அந்த ஹெபெனியிலிருந்து வந்தது. சொல் கிரேக்கம், இலத்தீன் வழியே பயணம் செய்து வேறொரு மரத்தின் மீது படிந்துவிட்டது. சொல்லுக்கு உரிய மரமோ வணிகத்தில் ஆப்பிரிக்கக் கருமரம், கிரனடில்லா, பாவ் ப்ரெட்டோ என்று வேறு பெயர்களில் திரிகிறது. பெயர்க் குழப்பம் சிறிய செய்திபோலத் தோன்றலாம். ஆனால் துறைமுகத்தில் நிற்கும் சுங்க அதிகாரிக்கு, கரிய கட்டை ஒன்றைப் பார்த்து அது எந்த மரம் என்று சொல்ல முடியாத நிலையிலேயே சட்டவிரோத வணிகம் ஒளிந்துகொள்கிறது.

மரத்தின் தன்மை

தமிழில் மரத்தின் உள்பாகம் முற்றி இறுகுவதை வைரம் பாய்தல் என்கிறோம். தொல்காப்பிய மரபியல், அகத்தே காழ் உடையதை மரம் என்றும் புறத்தே காழ் உடையதைப் புல் என்றும் பிரிக்கிறது. அந்த இலக்கணத்துக்கு ம்பிங்கோவைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. வெளியிலிருந்து பார்த்தால் அது முள் நிறைந்த, கோணல்மாணலான, பல கிளையாகப் பிரிந்த ஒரு சிறு மரம். பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து மீட்டர் உயரம்; அடிமரத்தின் குறுக்களவு ஒரு சாண் அகலத்தைத் தாண்டினாலே பெரிது. பட்டை சாம்பல் நிறம். வெட்டிப் பார்த்தால், ஓரத்தில் மெல்லிய வெளிர்மஞ்சள் வளையம். அதற்குள்ளே கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து, காற்றுப் பட்டதும் கருத்துப்போகும் வைரம். எல்லை கத்தியால் கீறியது போலத் தெளிவாக இருக்கும். வெளி வளையத்தைப் பூச்சி அரிக்கும். உள்ளே கறையான் பல் பதிவது கடினம். மரத்தின் நுண்குழல்களில் பிசினும் எண்ணெய்த்தன்மை உள்ள பொருட்களும் நிரம்பிவிடுவதால்தான் இந்த இறுக்கம்.

எண்களில் சொன்னால், உலர்ந்த ம்பிங்கோவின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1200 முதல் 1270 கிலோ. தண்ணீரின் அடர்த்தி 1000. ஆகவே இந்தக் கட்டையைக் குளத்தில் போட்டால் கல்லைப்போல அடியில் போய் உட்காரும். தேக்கின் அடர்த்தி ஏறத்தாழ 650. எஃகுக் குண்டை மரத்துக்குள் பாதியளவு அழுத்தத் தேவைப்படும் விசையைக் கொண்டு கடினத்தை அளக்கும் ஜான்கா முறையில் ம்பிங்கோவின் மதிப்பு ஏறத்தாழ 16,300 நியூட்டன். தேக்கைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். இவற்றைவிட முக்கியமான பண்பு ஒன்று உண்டு. இவ்வளவு கனமான மரங்கள் உலரும்போது பொதுவாக நிறையச் சுருங்கும், முறுக்கும். ம்பிங்கோ பச்சையிலிருந்து முழுதும் உலரும்வரை தன் பருமனில் எட்டு விழுக்காட்டுக்கும் குறைவாகவே சுருங்குகிறது. ஈரத்தை மெல்ல வாங்கி மெல்ல விடுகிறது. எண்ணெய்ப்பசை இயல்பாகவே இருப்பதால் தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடிபோல மெருகேறும்.

இந்தப் பண்புகளுக்கு விலையும் உண்டு. சாதாரண மரவேலைக் கருவிகள் இதில் சீக்கிரம் மழுங்கும். கடைசல்காரர்கள் உலோக வேலைக்கு உரிய உளிகளையும் வேகங்களையும் கையாள வேண்டியிருக்கிறது. அறுக்கும்போது எழும் கருஞ்சிவப்புத் தூளில் டால்பெர்ஜியா இனத்துக்கே உரிய சில வேதிப்பொருட்கள் இருப்பதால் தோல் ஒவ்வாமையும் மூச்சுத் தொல்லையும் வரலாம். உலர்த்துவதே பெரிய பொறுமைச் சோதனை. கட்டையின் முனைகள் வெடிக்காமலிருக்க மெழுகு பூசி, கருவிக்கு வேண்டிய அளவில் சிறுசிறு சதுரக் கட்டைகளாக அறுத்து அடுக்கி, மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நிழலில் வைக்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும், அறுவை ஆலைக்கு வந்த மரத்தில் இசைக்கருவிக்குத் தேறுவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள். அடிமரத்தின் நெளிவு, நடுவில் இருக்கும் பொந்து, மயிரிழை வெடிப்பு, பழுப்பு வரி என்று ஒவ்வொன்றாகக் கழித்தபின் எஞ்சுவது அவ்வளவுதான். இவற்றில் பழுப்பு வரி கண்ணுக்கு மட்டுமே குறை, காதுக்கு அல்ல. வரி தெரியாமலிருக்கச் சில தயாரிப்பாளர்கள் கருவி முடிந்தபின் சாயம் ஏற்றுவதும் உண்டு. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வரும் வாதத்துக்கு இது தேவைப்படும்.

ஒலி மரத்திலிருந்து வருகிறதா?

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் குழல் கருவிகளுக்குப் பயன்பட்டது பாக்ஸ்வுட் என்ற மஞ்சள் நிற மரம். கடையவும் குடையவும் இதமானது. ஆனால் ஊதுபவரின் மூச்சு ஈரத்தில் அது வளையும். துளைகளை விரல்களே நேரடியாக மூடிய காலத்தில் அந்த வளைவு பெரிதாகத் தெரியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1840களில் கிளாரினெட் கலைஞர் க்ளோசேயும் கருவித் தயாரிப்பாளர் பூஃபேயும் பாரிஸில் உருவாக்கிய கிளாரினெட் முறையில், உடலில் திருகிய சிறு உலோகத் தூண்கள் மீது நீண்ட கம்பிகளும் மூடிகளும் அமர்ந்தன. ஒரு தூண் அரை மில்லிமீட்டர் சாய்ந்தால் கம்பி இறுகும், மூடி பொருந்தாது, காற்று கசியும். திருகை உலோகம்போல இறுகப் பிடித்துக்கொள்கிற, ஈரத்தில் அசையாத மரம் தேவைப்பட்டது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையிலிருந்து ம்பிங்கோ கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்ததும், இசைக்கருவி உலகம் அதைப் பற்றிக்கொண்டது. காலனி ஆட்சி போட்டுக் கொடுத்த வழியில்தான் மரம் போனது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இங்கே முதல் மறுப்பு எழுகிறது. குழல் கருவியில் அதிர்வது உள்ளே இருக்கும் காற்றுத் தூண்தானே, சுவர் எதனால் ஆனது என்பது எப்படி ஒலியை மாற்றும்? இது வெறும் தர்க்கம் அல்ல, சோதனை உண்டு. 1964இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் பாக்கஸ், கிளாரினெட் போன்ற கருவிகளின் சுவர் அதிர்வு ஒலிக்குச் சேர்ப்பது மிகச் சொற்பம் என்று காட்டினார். 1971இல் ஜான் கோல்ட்மன், உள்ளளவுகள் ஒன்றாகவே இருக்குமாறு வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றில் புல்லாங்குழல்கள் செய்து, கண்ணுக்குத் தெரியாதபடி வாசிக்க வைத்தார். கேட்டவர்களாலும் வாசித்தவர்களாலும் எது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படியானால் நூறு ஆண்டு வளர்ந்த மரத்தை வெட்டுவது வெறும் பழக்கதோஷம் என்றாகிவிடாதா? இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அதன் முடிவை ஏற்கவில்லை. சோதனைகள் சொல்வது, உள்ளளவும் உள்பரப்பும் ஒன்றாக இருந்தால் ஒலியும் ஒன்றாக இருக்கும் என்பதுதான். அந்த உள்ளளவை எத்தனை ஆண்டுகளுக்கு, எத்தனை ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் பிறகு, ஒரு பொருள் காப்பாற்றித் தரும் என்பது வேறு கேள்வி. கிளாரினெட்டின் உள்துளை பதினைந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான விட்டம் உடையது. அதில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு மாறினாலே சுருதியில் வேறுபாடு தெரியும். துளைகளின் விளிம்பு கூர்மையாகவே இருக்க வேண்டும். உள்சுவர் வழுவழுப்பாகவும் காற்றுப் புகாமலும் இருக்க வேண்டும். ம்பிங்கோவின் புகழ் ஒலி தருவதால் வந்தது அல்ல. ஒலிக்கு வேண்டிய வடிவத்தை மாறாமல் வைத்திருப்பதால் வந்தது. அதுவும் முழுமையானதல்ல. புதிய கிளாரினெட்டில் உள்ளே வெதுவெதுப்பான மூச்சும் வெளியே குளிரும் சேர்ந்தால் மேல்பாகம் பிளந்துவிடும் அபாயம் உண்டு. அதனால்தான் புதுக் கருவியை முதல் சில வாரங்கள் நாளொன்றுக்குச் சிறிது நேரமே வாசித்துப் பழக்கச் சொல்கிறார்கள்.

நம் நாதஸ்வரத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் செய்யப்படுகிறது. இந்தியாவின் மிகக் கனமான மரங்களில் ஆச்சாவும் ஒன்று. அதைச் செய்யும் ஆசாரிகள் புது மரத்தை நாடுவதில்லை. இடிக்கப்படும் பழைய வீடுகளின் உத்திரங்களையும் தூண்களையும் தேடி வாங்குகிறார்கள். பல பத்தாண்டுகள் வீட்டுக்குள் உலர்ந்து அடங்கிய மரம் இனி அசையாது என்பது அவர்கள் அனுபவம். பாரிஸின் பட்டறையும் காவிரிக்கரைப் பட்டறையும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. கனமான மரம், உலர நீண்ட காலம், பிறகு அசையாமை. இரண்டு இடத்திலும் கருவிக்காரர் தேடுவது காலத்தால் அடங்கிய மரத்தைத்தான்.

மரத்தைக் குறைப்பது எது?

ம்பிங்கோ செனகல் முதல் எத்தியோப்பியா வரையும், தெற்கே தென்னாப்பிரிக்கா வரையும் இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் இயற்கையாகவே வளர்கிறது. ஆனால் இசைக்கருவிக்கு ஏற்ற பருமனில் அது கிடைக்கும் இடங்கள் தெற்குத் தான்சானியாவும் வடக்கு மொசாம்பிக்கும் மட்டுமே என்று சொல்லும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. கென்யாவில் வணிக அளவில் அது ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. ஏன் தீர்ந்தது என்று பார்த்தால் கருவித் தொழிலை மட்டும் குற்றஞ்சாட்ட முடியாது. முதல் உலகப் போர்க் காலத்தில் தான்சானியப் பகுதியில் மரச்சிற்பக் கலையைக் கற்று வந்த முடிஸ்யா முங்கே என்பவர் கென்யாவின் வமுன்யு ஊரில் அதைப் பரப்பினார். அக்காம்பா மக்களிடையே அது பெருந்தொழிலாக வளர்ந்தது. சுற்றுலாப் பயணிகளுக்காக ஆயிரக்கணக்கில் செதுக்கப்பட்ட யானைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் கென்யாவின் ம்பிங்கோவைத் தின்றன. மகோண்டே சிற்பிகளின் கலை வேறு உயரத்தில் நிற்பது. ஒரே கட்டையில் மனிதர் மேல் மனிதராக ஏறி நிற்கும் உஜமா கோபுரங்களும், 1950களில் சமக்கி லிகன்கோவா தொடங்கிவைத்த ஷெத்தானி ஆவி உருவங்களும் இருபதாம் நூற்றாண்டு ஆப்பிரிக்கக் கலையில் தனி இடம் பெற்றவை. கருவிக்காரர் கழித்துவிடும் நெளிவும் பொந்தும் மகோண்டே சிற்பிக்கு உருவத்தின் தொடக்கம். வெளிர்மஞ்சள் ஓரத்தையும் நிழல்போலப் பயன்படுத்துவார். ஒரே மரத்தை இருவர் இரு கண்ணால் பார்க்கிறார்கள். ஒருவர் விட்டது மற்றவருக்கு ஆகிறது. சந்தைக்கான மலிவுப் பொம்மைகளை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இதைவிடப் பெரிய காரணங்கள் கோடரிக்கு வெளியே இருக்கின்றன. காடு விளைநிலமாகிறது, நகரங்களின் அடுப்புக்குக் கரி வேண்டியிருக்கிறது, ஆண்டுதோறும் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறட்சியில் தீ பரவுகிறது. ம்பிங்கோவுக்குத் தீ ஒரு விசித்திரமான எதிரி. வளர்ந்த மரம் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் அடியில் பட்ட தீக்காயம் வழியே பூஞ்சை புகுந்து நடுவைரத்தை உளுக்க வைக்கும். வெளியே உயிரோடு நிற்கும் மரம் உள்ளே வெறும் குழாயாகிப் போயிருக்கும். நாற்றுகளோ ஒவ்வொரு தீயிலும் தரைமட்டமாகி, வேரிலிருந்து மீண்டும் தளிர்த்து, அடுத்த ஆண்டு மறுபடி எரியும். வெட்டத் தகுந்த பருமனை எட்ட ம்பிங்கோவுக்கு எழுபது முதல் நூறு ஆண்டுகள், சில இடங்களில் அதற்கும் மேல், ஆகின்றன. நூறு ஆண்டு என்றால் நூறு வறட்சிக் காலம்; அத்தனையிலும் யாரோ ஒருவர் அந்த மரத்தைப் பற்றி அக்கறைப்பட்டாக வேண்டும். காட்டைத் தீயிலிருந்து காப்பதற்கு ஆளும் கூலியும் வேண்டும். மரத்தால் தமக்கு ஒரு காசும் வராத கிராமத்தார் அந்த வேலையை ஏன் செய்ய வேண்டும்? என் வாதத்தின் மையக் கேள்வி இதுவே.

தடை போதுமா?

அழிவுக்குள்ளாகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் ம்பிங்கோவைச் சேர்க்க 1994இலேயே முன்மொழிவு வந்து திரும்பப் பெறப்பட்டது. 2016இல் ஜோஹன்னஸ்பர்க் மாநாடு ஒரே முடிவில் டால்பெர்ஜியா பேரினம் ஏறத்தாழ முழுவதையும், உரிமம் பெற்றே பன்னாட்டு வணிகம் செய்யக்கூடிய இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2017 ஜனவரி 2 முதல் அது நடைமுறைக்கு வந்தது. காரணம் வலுவானது. சீனாவில் பாரம்பரிய ஹொங்மு மரச்சாமான்களுக்கு எழுந்த பெருவிருப்பம் உலகின் ஈட்டி இனங்களை ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருந்தது. 2000இல் சீனா வகுத்த ஹொங்மு தரப்பட்டியலில் ம்பிங்கோவும் இடம்பெற்றிருந்தது. ஒரு கிளாரினெட்டின் உடலில் இருப்பது சில நூறு கிராம் மரமே. ஒரு கட்டிலுக்கோ சிம்மாசன நாற்காலிக்கோ பல மரங்கள் வேண்டும். ஆகவே ஒரு கட்டுப்பாடு தேவைப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த விதி விழுந்த விதம் பாடம் தருவது. இசைக்குழுக்கள் தங்கள் பழைய கருவிகளோடு எல்லை தாண்ட உரிமச் சீட்டுகளுக்கு அலைந்தன. அதே பேரினத்தைச் சேர்ந்த ஷீஷம் மரத்தில் செய்த கைவினைப் பொருட்களை விற்கும் இந்திய ஏற்றுமதியாளர்கள் திணறினார்கள். 2019இல் கொழும்பில் நடக்கவிருந்து, ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்ட மாநாடு, முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கும் அவற்றின் உதிரிகளுக்கும் விலக்களித்தது. மரக்கட்டைக்கும் பலகைக்கும் உரிமம் வேண்டும், கருவிக்கு வேண்டாம் என்ற இன்றைய நிலை அறிவுடையது. குறைந்த மரத்தில் மிகுந்த மதிப்பை உண்டாக்கும் தொழிலையும், மரத்தை மூட்டையாக அள்ளும் தொழிலையும் அது பிரித்துப் பார்க்கிறது.

இனி இரண்டாவது மறுப்பு: ஏன் அரைகுறை? ம்பிங்கோ வெட்டுவதையே முற்றாகத் தடை செய்தால் என்ன? சந்தன மரத்தோடு தமிழ்நாடு கண்ட அனுபவமே போதுமான விடை. மரம் தமதல்ல, அதைத் தொட்டால் குற்றம் என்ற நிலை வந்தபோது, தன் நிலத்தில் சந்தனம் முளைத்தால் அதை வளர்க்கத் துணிந்தவர் குறைந்தனர். காவலுக்கும் கடத்தலுக்கும் இடையிலான போர்தான் மிஞ்சியது. ஆப்பிரிக்காவில் நிலைமை இன்னும் நொய்மையானது. 2009இல் மடகாஸ்கரில் அரசு நிலைகுலைந்தபோது, பாதுகாக்கப்பட்ட தேசியப் பூங்காக்களுக்குள்ளேயே ஈட்டி மரங்கள் பெருமளவில் வெட்டிச் சாய்க்கப்பட்டன. மகோண்டேக்களின் தாயகமான மொசாம்பிக்கின் காபோ டெல்காடோ மாகாணத்தில் 2017 முதல் ஆயுத மோதல் நடக்கிறது. அங்கே தலைநகரில் அச்சாகும் தடை உத்தரவு காட்டுக்குள் எட்டுவது கடினம். தொலைவில் இருக்கும் அரசு காக்கத் தவறும் இடத்தில், அருகில் இருக்கும் மக்களுக்குக் காக்கக் காரணம் இருந்தாக வேண்டும். தடை அந்தக் காரணத்தை எடுத்துவிடுகிறது. கட்டுப்படுத்திய, கணக்கு வைத்த பயன்பாடு அதைத் தருகிறது.

கில்வா காட்டிய வழி

இது ஏட்டளவு வாதம் அல்ல என்பதற்குத் தெற்குத் தான்சானியாவின் கில்வா மாவட்டம் சான்று. தான்சானியாவின் 2002ஆம் ஆண்டு வனச்சட்டம் கிராமங்கள் தங்கள் நிலக்காட்டைக் கிராமக் காப்புக்காடாகப் பதிவு செய்து, அதில் விற்கும் மரத்தின் வருவாயைத் தாமே வைத்துக்கொள்ள வழிவகுத்தது. 1990களின் நடுவில் மாணவர் ஆய்வுப் பயணமாகத் தொடங்கி, பின்னர் ம்பிங்கோ பாதுகாப்பு, வளர்ச்சி முனைப்பு என்ற அமைப்பாக வளர்ந்த ஒரு குழு கில்வா கிராமங்களுக்கு இதில் துணை நின்றது. காட்டை அளந்து, எத்தனை மரம் இருக்கிறது, ஆண்டுக்கு எத்தனை வளர்கிறது என்று கணக்கெடுத்து, அதற்குள் மட்டும் வெட்டும் திட்டம் வகுக்கப்பட்டது. 2009இல் கிகோலே, கிசாங்கி ஆகிய இரு கிராமங்களின் காடுகளுக்கு வனப் பொறுப்பாண்மைக் குழு (FSC) என்ற பன்னாட்டு அமைப்பின் சான்றிதழ் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் ஊர்மக்களே நிர்வகிக்கும் இயற்கைக் காட்டுக்கு அத்தகைய சான்றிதழ் கிடைத்தது அதுவே முதல்முறை. முன்பு அனுமதிச் சீட்டோடு வந்த வெளியூர் வணிகர் மரத்தை ஏற்றிச் சென்றபின் ஊருக்கு ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சியதில்லை. இப்போது எந்த மரத்தை விற்பது என்பதை ஊர்க்கூட்டம் தீர்மானிக்கிறது. வந்த பணத்தில் பள்ளிக் கட்டடமும் கிணறும் மருத்துவ வசதியும் வருகின்றன. காட்டுக்கு ரோந்து போகிறார்கள். வறட்சி முற்றுமுன்பே, புல் பாதி ஈரமாக இருக்கும்போது, சிறு தீயைத் தாமே மூட்டிக் கட்டுக்குள் எரித்துவிடும் முறையையும் கடைப்பிடிக்கிறார்கள். அதனால் பின்னால் வரும் பெருந்தீக்கு இரை மிஞ்சுவதில்லை.

இதற்கும் மறுப்பு உண்டு. சான்றிதழ் பெற்ற மரம் உலகச் சந்தையில் ஒரு துளி. கிராமக் குழுக்களிலும் ஊழல் நுழையும். விலை ஏறினால் பேராசையும் ஏறும். மூன்றும் உண்மையே. ஆனால் இவை அந்த வழியைக் கைவிடக் காரணம் ஆகாது. இன்னும் விரிவாக்கவும் இன்னும் கவனமாகக் கணக்குப் பார்க்கவுமே காரணம். மரத்துக்கு விலை இல்லாதபோது காடு கரியாகிறது. விலை இருந்தும் அது ஊருக்கு வராதபோது கடத்தலாகிறது. விலையும் வந்து, அது ஊர்க்கூட்டத்தில் எல்லோர் முன்னும் எண்ணப்படும்போதுதான் காடு நிற்கிறது. மூன்று நிலைகளையும் தெற்குத் தான்சானியா கண்டிருக்கிறது. மூன்றாவதே காட்டை நிலைக்க வைத்தது.

நடுவதும் மாற்றுவதும்

தோட்டமாக நட்டு வளர்த்துவிட்டால் தீருமே என்பது மூன்றாவது மறுப்பு. நட வேண்டும், அதில் கருத்து வேறுபாடில்லை. கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் மோஷிக்கு அருகே வாழ்ந்த தாவரவியலாளர் செபாஸ்டியன் சுவா, அமெரிக்கக் கடைசல் கலைஞர் ஜேம்ஸ் ஹாரிஸுடன் சேர்ந்து 1996இல் ஆப்பிரிக்கக் கருமரப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளையும் பெண்கள் குழுக்களையும் சேர்த்துக்கொண்டு ம்பிங்கோ நாற்றுகளை நட வைத்தார். வேரில் நைட்ரஜனைச் சேர்க்கும் அவரைக் குடும்ப மரம் என்பதால் காப்பித் தோட்ட ஓரங்களுக்கும் அது நல்லது. ஆனால் இன்று நட்ட நாற்றிலிருந்து ஒரு கிளாரினெட் வர நம் பேரப்பிள்ளைகளின் காலம் ஆகும். எந்த முதலீட்டாளரும் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார். ஆகவே நடுதல் எதிர்காலத்துக்கான கடமை. நிற்கும் காட்டுக்கு அது மாற்றாகாது.

கடைசி மறுப்பு மாற்றுப் பொருட்களைப் பற்றியது. நெகிழிக் கிளாரினெட்டுகள் மாணவர்களுக்கு நன்றாகவே பயன்படுகின்றன. மழையிலும் வெயிலிலும் தெருவில் வாசிப்பவர்களுக்கு மரத்தைவிடவும் உகந்தவை. பூஃபே நிறுவனத்தின் கிரீன்லைன் வகை, மரத்தூள் 95 விழுக்காடும், எஞ்சியது கரிம நாரும் பிசினுமாக அழுத்திச் செய்யப்படுகிறது. அறுவை ஆலையில் வீணாகும் தூள் கருவியாகிறது, அது பிளப்பதும் இல்லை. சிற்பத் துறையில் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. கென்யாவின் மொம்பாசா, மாலிந்தி பகுதிச் சிற்பிகள் ம்பிங்கோ தீர்ந்தபின் வேப்ப மரத்துக்கு மாறினார்கள். நாற்பது நோய் தீர்க்கும் மரம் என்ற பொருளில் அங்கே முவாரோபைனி என்று பெயர் பெற்ற வேம்பு, இந்தியாவிலிருந்து போய் அந்தக் கடற்கரையில் தானாகப் பெருகியது, வேகமாக வளர்வது. சுற்றுலாப் பயணி வாங்கும் யானைக்கு வேம்பு போதும். இந்த மாற்றங்களை வரவேற்க வேண்டும். அவை என் வாதத்துக்கு எதிரானவை அல்ல. மெதுவாக வளரும் மரத்தின் சுமையை வேகமாக வளரும் மரமும் கழிவுத்தூளும் நெகிழியும் ஏற்றுக்கொண்டால், வேறு எதுவும் ஈடு செய்ய முடியாத வேலைக்கு மட்டும் ம்பிங்கோ மிஞ்சும். ஆனால் எல்லாக் கருவியும் நெகிழியாகிவிட்டால் கில்வா கிராமத்தார் காட்டைக் காப்பதற்கான காரணமும் போய்விடும் என்பதையும் மறக்கலாகாது.

வாசிப்பவர்களும் வாங்குபவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழுப்பு வரி ஓடும் கிளாரினெட்டைக் குறை என்று தள்ளாமல் ஏற்றுக்கொண்டாலே, இன்று கழிவாகும் கட்டைகள் பல கருவியாகும். அத்தனை மரம் வெட்டாமல் மிஞ்சும். ஒலியில் வேறுபாடு இல்லை என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சோதனை காட்டிவிட்டது. முழுக்கருமையே தரம் என்பது கண்ணின் பழக்கம் மட்டுமே. அதோடு, கட்டை எந்த ஊர்க் காட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய நிலை வந்தால், விடை சொல்லக்கூடிய ஊர்களின் மரமே விலைபோகும்.

கிகோலே காட்டில் இந்த ஆண்டு விதையிலிருந்து முளைத்த ம்பிங்கோ நாற்று, வெட்டத் தகுந்த பருமனை எட்டும்போது இன்று உயிரோடிருக்கும் கலைஞர் எவரும் இருக்கப் போவதில்லை. அதற்குள் ஏறத்தாழ நூறு முறை வறட்சி வரும். ஒவ்வொரு வறட்சியின் தொடக்கத்திலும், பாதி ஈரப் புல்லுக்குச் சிறு தீ வைத்து, அது அந்த நாற்றின் பக்கம் திரும்பாமல் நின்று பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் கூலி மரத்திலிருந்தே வர வேண்டும் என்பதுதான் இம்மரத்தைப் பயன்படுத்தலாம் என்று சொல்வதற்கான முழுக் காரணமும், எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதற்கான எல்லையும்.